ஒரு விநாடியில் நிற்கும் ஷட்டர்

அந்தக் காலத்துக் கல்யாண வீடுகளில் போட்டோகிராபர் வயிற்றருகே ஒரு பெட்டியைப் பிடித்து, தலையைக் குனிந்து அதற்குள் எட்டிப் பார்த்துப் படமெடுப்பாரே, அந்த வகைக் கேமரா. ஜப்பான்காரர்கள் 1970இல் கொண்டுவந்த யாஷிகா மேட் 124ஜி. 120 பிலிமில் 12 சதுரப் படங்கள் விழும்.

பரணிலிருந்து எடுத்துத் துடைத்து, 1/500இல் வைத்து அழுத்தினேன். ‘டிக்.’ ஒரு விநாடிக்கு மாற்றினேன். ஷட்டர் இதழ்கள் திறந்தன. மூட மனமில்லாமல் அப்படியே நின்றன.

“ஷட்டர் போச்சு சார், பார்ட்ஸ் கிடைக்காது” என்றார் கடைக்காரர். பார்ட்ஸ் விஷயம் சரிதான். யாஷிகாவை வாங்கியிருந்த கியோசெரா, 2005இல் கேமரா தொழிலுக்கே முழுக்குப் போட்டது. வேறு ஷட்டர் வேண்டுமென்றால் இன்னொரு 124ஜியின் வயிற்றைக் கிழிக்கவேண்டும். ஆனால் ஷட்டர் போகவில்லை. அதில் இருக்கும் எண்ணெய்தான் போயிருந்தது.

இதழ்களைத் திறந்து மூடுவது ஸ்பிரிங். வேகம் குறைந்த நேரங்களில் மூடுவதைத் தாமதப்படுத்த, சுவர்க் கடிகாரத்தில் இருப்பதுபோலவே குட்டிப் பல்சக்கரங்களும் ஆடும் நெம்பு ஒன்றும் உண்டு. பழைய எண்ணெய் பிசினாகிவிட்டால் முதலில் மாட்டிக்கொள்வது இவைதான். 1/500க்கு இவற்றின் தயவு தேவையில்லை. அதனால்தான் அது மட்டும் ஜோராக ஓடுகிறது.

முன்பக்க ரெக்ஸினை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தால் அடியில் நான்கு ஸ்க்ரூ. சாதாரண ஸ்டார் டிரைவரைப் போடாதீர்கள். ஜப்பான் ஸ்க்ரூவின் பள்ளம் கொஞ்சம் வேறு. தலை வழுக்கிவிட்டால் அதோடு கதை முடிந்தது. ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் செல்போனில் ஒரு படம். பிறகு, வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கும் வெள்ளை பெட்ரோல், மெல்லிய பிரஷ். பல்சக்கரத்தில் தொட்டு, ஷட்டரைத் தட்டி, மறுபடி தொட்டு.

சோம்பேறிகள் இங்கே ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். நானும் ஒருமுறை விட்டேன். அன்றைக்கு அருமையாக ஓடியது. ஒரு வாரத்தில் அது இதழ்களுக்குப் பரவி, ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிட்டது. செல்ஃப் டைமரையும் தொடவேண்டாம். பழைய ஷட்டரில் அது பாதி வழியில் சிக்கினால் எல்லாமே பூட்டிக்கொள்ளும்.

இப்போது ஒரு விநாடியில் ‘ஸ்ர்ர்ர்’ என்று ஒரே சீராகக் கேட்கிறது. அரை விநாடியும் சரி. கால் விநாடியில் மட்டும் கடைசியில் லேசாக ஒரு விக்கல். மறுபடி பிரஷ்ஷை எடுக்கிறேன்.