பழைய எக்ஸ்ப்ளோரரும் இரண்டு பட்டியல்களும்

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஒன்றை விலை பேசப் போகிறவர், பானெட்டைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே இரண்டு பட்டியல்களைப் படித்துவிட வேண்டும். ஒன்று, அந்த வண்டிக்கு வந்த பாதுகாப்பு ரீகால்கள். மற்றது, அதே மாடலை ஓட்டியவர்கள் அரசிடம் கொடுத்த புகார்கள். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இரண்டையும் யாரும் காசில்லாமல் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பெரும்பாலோர் முதல் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதை விடவே கூடாது. ரீகால் வருவதற்குச் சில சமயம் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்கான முதல் தடயம் புகாரில்தான் கிடைக்கும். எக்ஸ்ப்ளோரரின் வரலாறே இதற்குச் சாட்சி.

1990இல் விற்பனைக்கு வந்த இந்த வண்டி, ரேஞ்சர் என்ற பிக்கப் டிரக்கின் சேஸியை அடிப்படையாகக் கொண்டது. அதன்மேல் குடும்பத்தோடு உட்காரும் அகலமான கூண்டை வைத்தார்கள். அந்தப் பத்தாண்டில் அமெரிக்கர்கள் மிக அதிகமாக வாங்கிய எஸ்யூவி இதுதான். உயரமான வண்டி, எடையும் மேலே தூக்கலாக இருக்கும். திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் காரைவிட எளிதாகக் கவிழும். அதற்குப் போட்டுக் கொடுத்தவை ஃபயர்ஸ்டோன் டயர்கள். ஃபோர்டு பரிந்துரைத்த காற்று, டயர் கடையில் சொல்வதுபோல் சொன்னால், 26 பாயின்ட். காற்று குறைவாக இருந்தால் சவாரி மெத்தென்று இருக்கும். ஆனால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த அசைவெல்லாம் சூடாக மாறும்.

அந்தச் சூடு எங்கே போய்த் தாக்குகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ரேடியல் டயரின் ட்ரெட்டுக்கு அடியில், மெல்லிய எஃகுக் கம்பிகள் பதித்த இரண்டு பெல்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்றின் கம்பிகள் இடப்பக்கம் சரிந்திருந்தால் மற்றதின் கம்பிகள் வலப்பக்கம் சரிந்திருக்கும். நடுவே இருப்பது ரப்பர் மட்டும். ரப்பர் பிடித்துக்கொள்வதற்காகவே கம்பிக்குப் பித்தளைப் பூச்சு கொடுக்கிறார்கள். பெல்ட்டை வெட்டிய ஓரத்தில் கம்பியின் நுனியில் அந்தப் பூச்சு இருக்காது. ரப்பரை மிகவும் இழுத்துப் பிசைவதும் அதே ஓரம்தான். ஆகவே விரிசல் அங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு கம்பி நுனியையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கீறல். பக்கத்துக் கீறலோடு அது சேர்கிறது. பிறகு இரு பெல்ட்டுகளுக்கும் இடையே உள்நோக்கி ஓடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே இருக்கும். ஒருநாள் நெடுஞ்சாலை வேகத்தில் மேல் பெல்ட்டும் ட்ரெட்டும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். அது பின்சக்கரமாக இருந்தால் வண்டியின் பின்பகுதி பிடி இழந்து பக்கவாட்டில் வீசும். ஓட்டுநர் பதறி எதிர்ப்பக்கம் திருப்புவார். உயரமான வண்டி அங்கே உருளும்.

இந்த விரிசலைத் தடுக்கத்தான் பெல்ட் ஓரத்தில் ஆப்பு வடிவில் ஒரு ரப்பர் துண்டு வைக்கிறார்கள். ஃபயர்ஸ்டோனின் வைல்டர்னஸ் ஏடி டயர்களில் அது போதுமான கனத்தில் இல்லை. 1998 மே மாதத்துக்கு முன் செய்த டயர்களில் குறை இருந்தது என்று அரசின் விசாரணை 2001 அக்டோபரில் முடிவு சொன்னது. இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் ஊர்த் தொழிற்சாலையில் செய்தவைதான் அதிகமாக உரிந்தன. டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் விபத்துகள் குவிந்தன.

விபத்துக்கு ஆளான குடும்பத்துக்கு அது வெறும் டயர் வெடிப்புதான். தங்கள் கெட்ட நேரம் என்று நினைத்திருப்பார்கள். பல விபத்துகளை ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவருக்குத்தான் ஒற்றுமை தெரிந்தது. ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், இழப்பீட்டுக் கோரிக்கைகளில் ஒரே மாதிரி 21 ட்ரெட் உரிதல்களைக் கண்டு 1998இலேயே அரசு நிர்வாகத்துக்கு எழுதினார். எதுவும் நடக்கவில்லை. 1999இல் சவூதி அரேபியாவில் ஃபோர்டு தானாகவே டயர்களை மாற்றிக் கொடுத்தது. வெளிநாட்டு நடவடிக்கையை அமெரிக்க அரசிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைய சட்டத்தில் இல்லை; அதனால் சொல்லவில்லை. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டனின் கேஎச்ஓயூ தொலைக்காட்சி இந்த விபத்துகளை ஒன்றுசேர்த்து ஒளிபரப்பியது. அதன் பிறகு புகார்கள் வந்து குவிந்தன. மே மாதம் விசாரணை தொடங்கியது. ஆகஸ்ட் 9ஆம் தேதி, சாலையில் இருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் அறிவித்தது. கடைசிக் கணக்கில் அமெரிக்காவில் மட்டும் 271 பேர் இறந்திருந்தார்கள். 1998இல் வந்த தகவலை யாராவது அக்கறையாகப் படித்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

டயர்தான் காரணம் என்றது ஃபோர்டு. வண்டிதான் காரணம் என்றது ஃபயர்ஸ்டோன். ஹென்றி ஃபோர்டு காலத்திலிருந்து ஏறத்தாழ நூறாண்டு நீண்ட உறவு 2001 மே மாதம் முறிந்தது. அடுத்த நாளே இன்னும் 1 கோடியே 30 லட்சம் டயர்களை மாற்றித் தருவதாக ஃபோர்டு அறிவித்தது. வண்டியை விசாரிக்கக் கேட்ட ஃபயர்ஸ்டோனின் மனுவை 2002இல் அரசு தள்ளுபடி செய்தது. குறை டயரில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிந்த டயர் உயிர்ப்பலி வாங்கியதில் வண்டியின் உயரத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

2000 நவம்பரில் கையெழுத்தான டிரெட் சட்டம் இரண்டு முக்கியமான மாற்றங்களைக் கொண்டுவந்தது. உயிரிழப்புகள், காயங்கள், வெளிநாட்டு ரீகால்கள் எல்லாவற்றையும் நிறுவனங்கள் அரசிடம் தெரிவித்தாக வேண்டும். டயரில் காற்று குறைந்தால் வண்டியே எச்சரிக்க வேண்டும்; இன்று டாஷ்போர்டில் மஞ்சளாக எரியும் அந்த ஆச்சரியக்குறி விளக்குக்குப் பின்னால் இருப்பது இந்தச் சட்டம்தான்.

சட்டம் வந்ததால் புகார்களுக்கு வேலையில்லாமல் போய்விடவில்லை. 2011 முதல் 2017 வரை வந்த எக்ஸ்ப்ளோரர்களைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள்: ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஓட்டினால் புகைவாடை உள்ளே வருகிறது, தலை வலிக்கிறது. புகையோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறதோ என்று பயந்தார்கள்; அதற்கு வாடையே கிடையாது என்பதால் அந்தப் பயம் நியாயமானது. 2017இல் ஆஸ்டின் நகரக் காவல்துறை தன்னுடைய சுமார் 400 எக்ஸ்ப்ளோரர்களை ஓட்டாமல் நிறுத்திவைத்தது. சுமார் 13 லட்சம் வண்டிகளைப் பற்றிய விசாரணை 2023இல் ரீகால் இல்லாமலே முடிந்தது. மாற்றம் செய்யாத வண்டிகளில் அளவு அபாயத்தைத் தொடவில்லை; விளக்கும் கருவிகளும் பொருத்தத் துளை போட்டுச் சரியாக அடைக்காத காவல் வண்டிகளிலும், பின்பக்கம் இடிபட்டுப் பழுது பார்த்த வண்டிகளிலும்தான் அதிகம் என்றது முடிவு. பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது தங்கமான தகவல். பின்கதவைச் சுற்றிய ரப்பரையும், இடிபட்ட அடையாளத்தையும் பார்க்கச் சொல்லித் தருவது ரீகால் பட்டியல் அல்ல, புகார்தான்.

அதே வண்டிகளில் சிலவற்றில் பின்சக்கரத்தை நேராகப் பிடித்துவைக்கும் டோ லிங்க் என்ற இரும்புத் தண்டு முறியலாம் என்று 2019இலும் 2021இலும் ரீகால் வந்தது. ஓடும்போது அது முறிந்தால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும்; ஆகவே இலவசமாக மாற்றித் தருகிறார்கள். ஆனால் 3.5 லிட்டர் என்ஜினுக்குள்ளேயே, டைமிங் செயினால் ஓடும்படி வைத்த வாட்டர் பம்ப் கசிந்து, கூலன்ட் ஆயிலில் கலந்து என்ஜினே வீணானதாகப் பலர் எழுதினாலும் அதற்கு ரீகால் கிடையாது. பாதுகாப்புக் குறை இருந்தால்தான் ரீகால். என்ஜின் பாழாவது செலவாகவே கணக்கில் வருகிறது, அதுவும் வண்டிக்காரரின் செலவாக. ஆயில் குச்சியை உருவி, பால் கலந்த காபி நிறத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம்.

ரீகால் கடிதம் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகிறது. வண்டி இரண்டு கை மாறிவிட்டால் கடிதமும் வழி தவறும். ரீகால் நிலுவையில் உள்ள புது வண்டியை விற்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் 2004இல் பழுது நீக்காத வாடகைக் காரில் சென்ற இரு சகோதரிகள் இறந்த பிறகு, நீண்ட போராட்டத்தின் பயனாக 2016 முதல் பெரிய வாடகை நிறுவனங்களுக்கும் தடை வந்தது. பழைய வண்டி விற்கும் டீலருக்கு மட்டும் அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இன்றும் அப்படிப்பட்ட தடை இல்லை. இது அநியாயம், பெரும்பாலும் பணம் குறைந்தவர்கள் வாங்கும் வண்டிக்குத்தான் இந்த ஓட்டை. ஆகவே கண்ணாடியின் கீழ் மூலையில் தெரியும் 17 எழுத்து வின் எண்ணை வாங்குகிறவரே தேடிப் பார்க்க வேண்டும்.

டயர் அந்த எண்ணில் அடங்காது. அதற்கு டாட் என்று தொடங்கும் தனிக் குறியீடு உண்டு. அதன் கடைசி நான்கு இலக்கங்கள் செய்த வாரமும் ஆண்டும். 2000இல் பலர் வண்டிக்கு அடியில் தவழ்ந்துதான் அதைப் படித்தார்கள். முழு எண் டயரின் உள்பக்கத்தில் இருந்தது. பிறகு விதியை மாற்றி வெளிப்பக்கம் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் இறக்கச் சொல்லிப் பாருங்கள். அதிகம் உருளாத டயர் புதிதுபோலவே இருக்கும், ஆனால் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.