சிறிய சக்கரமும் பெரிய பிரேக்கும்



ஒரு பொருளை ஓடச் செய்வது அறிவியலின் ஒரு பாதி. ஓடுவதை வேண்டிய இடத்தில் நிறுத்துவது மறுபாதி. முதற்பாதியை நாம் வியந்து பேசுகிறோம். இரண்டாம் பாதியோ, அது தவறும் நாளில்தான் நம் நினைவுக்கு வருகிறது. அந்த இரண்டாம் பாதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அண்மையில், என்னிடம் முன்பு பயின்று இப்பொழுது பொறியியற் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். “ஐயா, காட்டுப் பாதையிலும் கடுவேகமாக ஓடக்கூடிய எஸ்யூவி வண்டிகள் வந்திருக்கின்றன. கரடுமுரடான நிலத்திற்குச் சிறிய சக்கரமே நல்லது என்கிறார்கள். ஆனால் அவ்வண்டிகளின் பிரேக் பெரிதாக இருப்பதால் சிறிய சக்கரம் பொருந்தாது என்றும் சொல்கிறார்கள். இவற்றுள் எது உண்மை?” என்பதே அவ்வினா. இரண்டும் உண்மை. இரண்டு உண்மைகள் மோதிக்கொள்ளும் இடத்தில் எதற்கு முதலிடம் தருவது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

முதலில், பிரேக் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மாட்டுவண்டியில் மரக்கட்டையொன்று சக்கரத்தின் விளிம்பை வெளியிலிருந்து அழுத்தும். பழைய மிதிவண்டியில் இரண்டு ரப்பர்க் கட்டைகள் ரிம்மை இருபுறமும் பிடிக்கும். இவற்றில் பிரேக் சக்கரத்திற்கு வெளியே இருப்பதால் இடத்தைப் பற்றிய சிக்கல் எழுவதில்லை. மோட்டார் வண்டியிலோ பிரேக் சக்கரத்தின் வயிற்றுக்குள் குடியிருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க் எனப்படும். அத்தட்டின் விளிம்பைக் குதிரையின் முதுகில் அமர்ந்த சேணம்போலக் கவ்வி நிற்பது காலிப்பர். காலிப்பருக்குள் இருக்கும் பேடுகள் தட்டை இருபுறமும் நெருக்க, வண்டி நிற்கிறது. ஆகவே, தட்டும் அதன்மேல் அமர்ந்த காலிப்பரும் ரிம்மின் உட்புறத்தில் உரசாமல் அடங்கியாக வேண்டும்.

தட்டு ஏன் பெரிதாக இருக்க வேண்டும்? காரணம் இரண்டு. முதலாவது, நெம்புகோலின் தத்துவம். அச்சிலிருந்து தள்ளிப் பிடிக்கப் பிடிக்க, அதே விசை மிகுந்த திருப்புத்திறனைத் தரும். கதவைக் கீலுக்கு அருகில் தள்ளிப் பார்த்துவிட்டுப் பிறகு கைப்பிடியருகே தள்ளிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். இரண்டாவது காரணம் வெப்பம், முதன்மையானதும் அதுவே. பிரேக் என்பது வேகத்தை விழுங்கி வெப்பமாக உமிழும் கருவி. ஏறத்தாழ இரண்டரை டன் எடையுள்ள வண்டி, மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 11 இலட்சத்து 25 ஆயிரம் ஜூல். அதனை ஒருமுறை நிறுத்தும்பொழுது பிறக்கும் வெப்பம், ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சில நொடிகளில் தோன்றும் இவ்வெப்பத்தை அந்த இரும்புத் தட்டுகளே தாங்கிக் காற்றில் விட வேண்டும். தட்டு பெரிதானால் வெப்பத்தை ஏற்கும் இரும்பும் மிகுதி. காற்றுப்படும் பரப்பும் மிகுதி.

வெப்பம் எல்லை கடந்தால் என்ன நேரும் என்பதை நம் தருமபுரி மாவட்டத்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. காரிமங்கலத்தின் வழியாகச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியைக் கடந்து சேலம் நோக்கி இறங்கும் இடத்தில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாட்டை இழந்த லாரியொன்று பல வண்டிகள்மீது மோதி உயிர்களைப் பறித்தது. அத்தகைய துயரச் செய்திகளை அதற்கு முன்னும் பின்னும் நாம் கேட்டதுண்டு. சரிவுகளில் விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் பிரேக்கின் சூடும் ஒன்று. 40 டன் எடையுள்ள லாரி நூறு மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 392 இலட்சம் ஜூல். இது நூற்று முப்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்கு ஏற்றும். கியரைக் குறைத்து எஞ்சினின் தடையைப் பயன்படுத்தாமல், பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால், அவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக்கில் வந்து சேரும். பேடுகளின் பிடிப்புத் தளரும். டிஸ்க் பிரேக்கில் உள்ள எண்ணெய் கொதித்துவிட்டால் மிதி வெறுமையாகத் தரையைத் தொடும். பெரிய பிரேக் அலங்காரமன்று என்பதற்கு இது போதிய சான்று.

இனி, நிலத்தின் தேவையைக் கேட்போம். சிறிய சக்கரம் என்று நாம் இங்கே சொல்வது டயரோடு சேர்ந்த முழு அளவையன்று. உள்ளே இருக்கும் உலோக ரிம்மை மட்டுமே. டயரின் வெளிவிட்டம் 33 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ரிம் 20 அங்குலமானால், டயரின் பக்கச்சுவர் ஆறரை அங்குலம், அதாவது 165 மில்லிமீட்டர் உயரம் பெறும். ரிம்மை 18 அங்குலமாகக் குறைத்தால் பக்கச்சுவர் ஏழரை அங்குலம், அதாவது 190 மில்லிமீட்டர் ஆகும். கூடிய அந்த ஒரு அங்குல ரப்பரும் காற்றும் கற்பாதையில் பேருதவி புரிகின்றன. கல் மோதினால் ரப்பர் நெளிந்து கொடுக்கும், ரிம் கோணுவதில்லை. மணலிலும் சேற்றிலும் காற்றைச் சற்றுக் குறைத்தால், டயர் நிலத்தில் நீண்டு படிந்து பற்றிக்கொள்ளும். வெளிவிட்டம் மாறாதவரை வண்டியின் உயரமும் பிரேக்கின் பலனும் மாறுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிவிட்டம் கூடினாலோ, அதே பிரேக் நிலத்தில் காட்டும் தடைவிசை குறைந்துவிடும்.

இவ்விரண்டு தேவைகளும் ஓரிடத்தில் சந்திப்பதைக் காண 2024இல் அறிமுகமான லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஆக்டா என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 2008இல் டாட்டா மோட்டார்ஸ் நிறுவனம் வாங்கிய லேண்ட் ரோவரின் படைப்பு அது. அதன் முன்புறத் தட்டுகளின் விட்டம் 400 மில்லிமீட்டர். 20 அங்குல ரிம் என்பது 508 மில்லிமீட்டர். எஞ்சும் 108 மில்லிமீட்டரைப் பாதியாக்கினால் பக்கத்திற்கு 54 மில்லிமீட்டர் கிடைக்கும். 18 அங்குலம் என்பதோ 457 மில்லிமீட்டர். பக்கத்திற்கு 28 மில்லிமீட்டரே மிஞ்சும். இதுவும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ரிம்மின் அளவு டயரின் விளிம்பு அமரும் இடத்தில் எடுக்கப்படுவது. டயரை ஏற்றி இறக்குவதற்காக ரிம்மின் நடுவே அமைத்துள்ள பள்ளமும் உலோகத்தின் கனமும் உள்ளிடத்தை மேலும் குறைத்துவிடுகின்றன. மிஞ்சிய சந்தில் காலிப்பரின் முதுகு எவ்வாறு அடங்கும்? அதே பெயருடைய எளிய வகைகளுக்கு 18 அங்குல எஃகுச் சக்கரம் வழங்கப்பட்டதுண்டு. இதற்கு 20 அங்குல ரிம்மில் 33 அங்குல டயரைப் பூட்டினார்கள். டயரின் வெளிவிட்டத்தைப் பெருக்கிப் பக்கச்சுவரைப் பெற்றார்களேயன்றிப் பிரேக்கைக் குறைத்துப் பெறவில்லை.

எனினும், சிறிய சக்கரத்தையே பொருத்த விரும்புவோர் சில வழிகளை நாடுகின்றனர். ரிம்முக்கும் அச்சுக்கும் இடையே ஸ்பேசர் என்னும் தட்டை வைப்பது ஒன்று. இது சக்கரத்தைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். ஆகவே காலிப்பர் ஆரக்கால்களில் உரசுவது நிற்கலாம். ரிம்மின் கூரையில் உரசுவது நிற்குமா? அறையின் சுவரைத் தள்ளி வைத்தால் கூரை உயராதல்லவா? மேலும், பேரிங்குகள்மீது சுமை கூடும். காலிப்பரைத் தேய்த்துக் குறைப்பது மற்றொன்று. உயிர்காக்கும் கருவியின் வலிமையைத் தேய்ப்பது அது. தட்டையே சிறிதாக்குவது மூன்றாவது. வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறுத்தும் ஆற்றலை விற்றுவிடுவதற்கு அது ஒப்பாகும்.

மயிரிழை இடைவெளியில் பொருந்திவிட்டால் போதும் என்று எண்ணுவதும் தவறு. கனத்த சுமையில் உலோகம் நெளிகிறது, சூட்டில் விரிகிறது. குறுகிய சந்தில் சிக்கிய சிறு கல் ஒவ்வொரு சுற்றிலும் ரிம்மைச் செதுக்கும். சமநிலைக்காக ரிம்மின் உட்புறத்தில் ஒட்டிய ஈயத்துண்டு காலிப்பரில் இடித்து விழும். ஆதலால் நல்ல வல்லுநர்கள் காலிப்பரின் வடிவத்தை அட்டையில் வெட்டி ரிம்முக்குள் வைத்துப் பார்ப்பார்கள். பூட்டியபின் கையால் முழுச் சுற்றுச் சுற்றி, எல்லா இடத்திலும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதை அளந்து உறுதி செய்வார்கள்.

சட்டமும் இதில் கருத்துச் செலுத்தியுள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அக்கொள்கையை வலியுறுத்தியது. தயாரிப்பாளர் அவ்வண்டிக்கென்று ஒப்புக்கொண்ட சக்கர அளவுகளுள் ஒன்றைத் தேர்வதே நேர்வழி.

சென்னைப் பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்னும் இரண்டு தொழில் நிறுவனங்கள் இருக்கின்றன. முன்னது 1960இலும் பின்னது 1962இலும் தோன்றியவை. ஒன்று சக்கரம் செய்கிறது. மற்றொன்று பிரேக் செய்கிறது. இரண்டும் தனித்தனித் தொழில்கள். ஆயினும் சாலையில் அவை ஒன்றுக்குள் ஒன்றாகவே சுழல்கின்றன. உங்களுள் சிலர் நாளை இத்தகைய தொழிற்சாலைகளில் பணிபுரிவீர்கள். பலர் வண்டி வாங்குவீர்கள். கடையில் மின்னும் சக்கரத்தைக் கண்டால், முதலில் அதன் உட்புறத்தைப் பாருங்கள். கரட்டு நிலத்திற்குச் சிறிய சக்கரம் நல்லதுதான். ஆனால் எவ்வளவு சிறிது என்று சொல்லும் உரிமை பிரேக்குக்கே உரியது. பிரேக்குக்கு இடம் கொடுத்த பின்னரே மற்றவற்றுக்கு இடம் தேடுங்கள்.