மூன்றாம் முறை பரிமாறியபோது...

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணம் பக்கம் வரும்போது சாலையோரம் உப்பளங்கள் தெரியும். பாத்தி பாத்தியாக உப்புநீர், கரையில் வெள்ளைக் குவியல்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீட்டுக்கு வந்தவர் இலையை மறைத்து 'போதும்' என்றாலும் விடமாட்டோம். 'ஒரே ஒரு கரண்டி' என்று இன்னும் கொஞ்சம் போட்டால்தான் நிம்மதி. அந்த முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொன்னது என்று இருவருக்குமே தெரியும்.

இதே பழக்கத்தோடு மரக்காணத்துப் பிள்ளை ஒருவர் லண்டனுக்குப் படிக்கப் போனால்? நண்பர் வீட்டில் 'இன்னும் வேண்டுமா?' என்று ஒருமுறைதான் கேட்பார்கள். கூச்சத்தில் 'வேண்டாம்' என்றால் அவ்வளவுதான், பாத்திரம் உள்ளே போய்விடும். கொடுக்க மனமில்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே மதிக்கிறார்கள்!

இந்த விஷயத்தில் கணித மேதை ராமானுஜனே தடுமாறியிருக்கிறார். கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் தங்கியபோது, சுத்த சைவம் என்பதால் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஒருநாள் நண்பர் சட்டர்ஜியையும் அவருடன் இரண்டு பெண்களையும் விருந்துக்கு அழைத்து, தானே சமைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது பெண்கள் 'போதும்' என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணோம்! டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து, பணம் அனுப்பச் சொல்லி சட்டர்ஜிக்குத் தந்தி வந்தது. தான் பரிமாறியதை வேண்டாம் என்றது மனதைப் புண்படுத்திவிட்டது என்று திரும்பி வந்த பிறகு சொன்னார்.

இத்தனைக்கும் விருந்தாளிகளும் இந்தியர்கள்தான். தூர தேசத்தில் தனியாக இருக்கும்போது ஒரு சின்ன 'போதும்'கூட அவ்வளவு வலிக்கும்.

இன்னொரு சம்பவம். ராமானுஜன் இரவில் குளிரில் நடுங்குகிறார் என்று தெரிந்து, பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் அவர் அறைக்குப் போனார். அவரோ ஓவர்கோட்டைப் போட்டு, சால்வையைப் போர்த்திப் படுத்து வந்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஆனால் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியிருந்ததால், அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ்தான் காட்டிக்கொடுத்தார். யாரிடமாவது கேட்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும்.

இன்று படிக்கப் போகிறவர்களுக்கும் இப்படிப் பல 'கம்பளிகள்' காத்திருக்கின்றன.

* பிரிட்டனில் 'ஆர் யூ ஆல்ரைட்?' என்றால் பெரும்பாலும் வெறும் வணக்கம்தான். நம் முகம் வாடியிருக்கிறதோ என்று பதற வேண்டாம்.

* பல பேராசிரியர்கள் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்வார்கள். நமக்கு 'சார்' தானாக வரும். அவர்கள் சொன்ன பிறகு பெயர் சொல்வது மரியாதைக் குறைவல்ல.

* ஜெர்மனியில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கிவிடுங்கள். அன்று அக்கம்பக்கத்தில் சத்தமும் கூடாது.

* அமெரிக்க ஹோட்டலில் பரிமாறுபவருக்கு டிப்ஸ் கொடுப்பது எழுதாத சட்டம். ஜப்பானிலோ டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. போனில் 'சாப்பிட்டியா?' என்று கேட்டால் பிள்ளைகள் 'சாப்பிட்டேன்மா' என்றுதான் சொல்வார்கள். 'இன்னைக்கு யார்கிட்டயாவது ஏதாவது கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டியா?' என்றும் கேளுங்கள். கேட்பது அவமானமில்லை என்று வீட்டிலிருந்தே தைரியம் வரட்டும்.

இங்கிலாந்துச் சாப்பாட்டு மேசையில் அடுத்தவரைத் தாண்டிக் கை நீட்டி எதையும் எடுக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம், 'கொஞ்சம் உப்பை எடுத்துத் தருகிறீர்களா?' என்று கேட்பதுதான் அங்கே மரியாதை. மரக்காணத்துப் பிள்ளையாக இருந்தாலும், அங்கே உப்பைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள் கண்ணுகளா!