மாணாக்கர் உணவும் தவிடு நீக்காத தானியங்களும்

நீலகிரியில் தங்கிக் கல்வி பயிலும் மாணாக்கரின் ஆகாரத்தைப் பற்றிச் சிந்திப்போர், அம்மலையிலேயே நடைபெற்ற ஓர் ஆராய்ச்சியை முதலில் அறிந்து கொள்ளுதல் நலம். 1918-ம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் டாக்டர் ராபர்ட் மக்காரிசன் என்பவர் பெரிபெரி நோயைக் குறித்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். நன்றாகத் தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழ்வோரைப் பற்றி, நரம்புகளையும் இருதயத்தையும் தளரச் செய்வது இந்நோய். தவிட்டோடு நீங்கிவிடும் பி1 என்னும் ஜீவசத்தின் குறைவே இதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் ஐயமற நிலைநாட்டப்பட்டது.

மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் ஆகாரங்களை எலிகளுக்கு அளித்தும் சோதித்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறிகள் கொண்ட பஞ்சாபின் சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடை பெற்றன. அரிசியை முதன்மையாகவும் பாலைச் சொற்பமாகவும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவையோ 155 கிராமே எட்டின. இவ்வேற்றுமை முழுவதும் தானியத்தால் மட்டும் விளைந்ததன்று; பாலுக்கும் காய்கறிகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆயினும் வயிறு நிறைவதும் தேகம் வளர்வதும் ஒன்றல்ல என்பதை அது தெளிவாக்கிற்று.

அவ்வாராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்திற்கு மாற்றப்பட்டு, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டாத அரிசியில் பி1 ஜீவசத்து 0.27 மில்லிகிராமும், புழுங்கவைத்துத் தீட்டிய அரிசியில் 0.17 மில்லிகிராமும், தீட்டிய பச்சரிசியில் 0.05 மில்லிகிராமும் உள்ளன. நெல்லைப் புழுக்கும்போது ஜீவசத்து அரிசியின் உள்ளே ஊடுருவிச் செல்வதால், தீட்டிய பின்னும் ஒரு பகுதி எஞ்சுகிறது. நார்ப்பொருள், முழுக்கோதுமை மாவில் சுமார் 11 கிராமும், மைதாவில் 3 கிராமிற்குக் குறைவாகவும் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தோ கேழ்வரகில் 364 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் 8 மில்லிகிராம் கூட இல்லை.

கல்லூரிப் பருவம் எலும்புகள் இன்னும் உறுதிப்பட்டு வரும் பருவமாகும். நண்பகலில் தீட்டிய அரிசிச் சோறு, மாலையில் தேநீரோடு மைதா வர்க்கி, இரவில் பரோட்டா என்று நாளைக் கழிக்கும் மாணவன், தவிட்டின் பயனை ஒருவேளையேனும் முழுமையாகப் பெறுவதில்லை. இம்மலைக்குச் சிறுதானியங்கள் புதியனவுமல்ல. படகர் முதலியோர் கேழ்வரகும் சாமையும் கோதுமையும் பார்லியும் தொன்றுதொட்டு விளைத்து உண்டனர். அந்நிலங்களில் பெரும்பகுதி பின்னர் உருளைக்கிழங்கிற்கும் தேயிலைக்கும் மாறிற்று.

விடுதிச் சமையற்காரர்கள் தீட்டாத அரிசியை விரும்பாமைக்குத் தக்க காரணம் உண்டு. உதகை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அன்றிச் சுமார் 93 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே தவிடு நீங்காத அரிசி வேக நெடுநேரமாகும். விறகும் எரிவாயுவும் அதிகம் செலவாகும். முதல்நாள் இரவே அரிசியை ஊறவைத்து, ஆவியழுத்தப் பாத்திரத்தில் சமைத்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் பி1 சத்து அதனோடு போய்விடுமாதலால், அளவாக நீர் வைத்துச் சமைப்பதே சிறந்தது.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று. தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தீட்டாத அரிசியும் முழுமாவும் நாளடைவில் சிக்கு நாற்றம் கொள்ளும். மாதத் தேவைக்கு மிகுதியாக வாங்கி வைத்தல் ஆகாது. தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி அரைத்தால் அது குறையும். தேநீரும் இத்தகைய தடையை விளைவிப்பதால், உணவோடு சேர்த்து அருந்தாமல் ஒரு மணி நேரம் கழித்து அருந்துக. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகையுற்றிருந்தனர். ஆதலால் மாணவியர் விடுதிகள் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும்.

உணவு முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முயல்வது பயன் தராது. மாணாக்கர் வெறுத்து வெளிக்கடைகளை நாடுவர். வாரத்தில் மூன்று நாள் காலையில் கேழ்வரகுக் கூழோ தோசையோ, இரவில் மைதாவிற்குப் பதிலாக முழுக்கோதுமைச் சப்பாத்தி எனத் தொடங்கலாம். இட்டலி மாவில் அரிசியின் ஒரு பங்கிற்குச் சாமை சேர்க்கலாம். விடுதி நிர்வாகிகள் ஆண்டுத் தேவையை முன்கூட்டிக் கணக்கிட்டு விவசாயிகளோடு ஒப்பந்தம் செய்வாராயின், சிறுதானியம் பயிரிடுவோர்க்கும் நிலையான விற்பனை கிட்டும். பெரிபெரியின் காரணத்தைத் தேடிய மலையில், தவிட்டின் அருமையை அங்குப் பயிலும் இளைஞரே அறியாதிருத்தல் தகாது.