திரையில் வரும் டாக்டர்



நமது பள்ளி மாணவி ஒருத்தியின் தாயாருக்குச் சில ஆண்டுகளாக இனிப்பு நீர் வியாதி. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். பட்டணத்து அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, எண் வாங்கிக் காத்திருந்து, மருந்தோடு வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஒரு வெள்ளி வைத்தியத்திற்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

ஒருநாள் தாதி, "அடுத்த முறை வரவேண்டாம், கைத்தொலைபேசியில் டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசுவார்" என்றார். அம்மையார் மறுத்துவிட்டார். இலாபம் தெரிந்தும் ஏன் மறுத்தார்?

இந்த ஏற்பாடு நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. 1997-இலேயே தொலைமருத்துவச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால், 2020-இல் கோவிட் தொற்று பரவிய பிறகுதான் தோட்டப்புறத்தில் பலர் காதில் இச்செய்தி விழுந்தது.

புதிய கருவியை மக்கள் ஏற்பது எதனால் என்று ஃபிரெட் டேவிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஆராய்ந்து, 1989-இல் இரண்டு காரணங்களை முன்வைத்தார். இதனால் எனக்குப் பயன் உண்டா? இதைக் கையாள்வது எளிதா? பின்வந்தோர், சுற்றத்தார் சொல்லையும், உதவிக்கு ஆள் இருப்பதையும் சேர்த்துக்கொண்டனர். டேவிஸ் ஆராய்ந்தது கணினியைப் பயன்படுத்துவோரை. நோயாளிக்கு இவை மட்டும் போதா என்பது நமது எண்ணம்.

அந்த அம்மையாரைக் கேட்டோம். "தொட்டுப் பாக்காம என்ன சார் வைத்தியம்?" என்றார். பிறகு மெல்ல மெல்ல மற்றவை வெளிவந்தன. கைத்தொலைபேசி மகனுடையது, அவன் வேலைக்குப் போய்விடுவான். மலாய் மொழியில் வியாதியை விவரிக்கத் தயக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, லயத்து வீட்டின் மெல்லிய சுவர்! பக்கத்து வீட்டார் கேட்க, பெண்களுக்குரிய உபாதையை எப்படிச் சொல்வது? இதை எந்த அதிகாரியும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்.

இந்தியாவைப் பாருங்கள். அங்கே அரசாங்கம் 2019-இல் 'இ-சஞ்சீவனி' என்னும் இலவசச் சேவையைத் தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. அவற்றில் பெரும்பகுதி, நோயாளி தம் வீட்டிலிருந்து தாமே அழைத்தவை அல்ல. கிராமச் சுகாதார நிலையத்துக்கு நடந்து போனார்கள். அங்குள்ள ஊழியர் இரத்தக் கொதிப்பை அளந்து, டாக்டரைத் திரையில் கூப்பிட்டுக் கொடுத்தார். கருவி தெரியாதவருக்கும், கருவியே இல்லாதவருக்கும் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருந்தது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் விழுதல் இவற்றுக்குத் திரை உதவாது. உடனே 999-ஐ அழைக்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவரின் காலில் புண் வந்தால் நேரில்தான் காட்ட வேண்டும். ஏற்கெனவே பார்த்த நோயாளியின் வழக்கமான கவனிப்புக்கே இது பொருத்தம்.

அம்மையார் பிறகு சம்மதித்தார். நமது பேச்சினால் அன்று. நேரில் தம்மைப் பார்த்த அதே டாக்டரம்மாதான் திரையிலும் வருவார் என்று தாதி உறுதி சொன்னதால். பள்ளி நூலக அறையைச் சாத்திக்கொண்டு பேசினார். சர்க்கரை அளவைக் குறித்த நோட்டும் மருந்துப் பையும் மேசைமேல் இருந்தன. மகள் பக்கத்தில் அமர்ந்து, தாயாருக்கு வராத மலாய்ச் சொற்களை எடுத்துக்கொடுத்தாள். சிறிது நேரத்தில், "அம்மா வெளியே போகச் சொல்றாங்க சார்" என்று அவளும் வராந்தாவுக்கு வந்துவிட்டாள்.