தறித்தூசி இருமல் என்று தள்ளிப்போடாதீர்கள்

சங்கரன்கோவில் பக்கம் தறி ஓட்டுகிறவர் இருமினால் யாரும் காரணம் தேடுவதில்லை. பஞ்சுத் தூசி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மருந்துக்கடையில் ஒரு இருமல் மருந்து, நாலு மாத்திரை. அடங்காவிட்டால் வேறு மாத்திரை. தூசியால் இருமல் வரும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணம் தெரியாமல் இளைப்பது, சளியில் இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் தூசியின் மேல் பழிபோட்டுக் காத்திருக்கக் கூடாது. டி.பி. எனும் காசநோயா இல்லையா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

கடையில் கேட்டு வாங்கும் லெவோஃப்ளாக்சசின் மாத்திரை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். சில நாள் தேறியது போலிருக்கும்; அதற்குள் நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், கிருமியும் அந்த மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும். டாக்டர் சீட்டில்லாமல் இதை விற்கச் சட்டம் இடம் தரவில்லை.

அரசு மருத்துவமனையில் முதலில் கையில் கொடுப்பது ஒரு சளி டப்பா. பாதிப் பேர் இந்த இடத்திலேயே கோட்டை விடுகிறார்கள். அவசரத்தில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்தால், எவ்வளவு நல்ல இயந்திரமும் ‘கிருமி இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, காற்றோட்டமான வெளியிடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியான கோழை, அரை டீஸ்பூனாவது வேண்டும். பெயரை மூடியில் எழுதாமல் டப்பாவின் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்; மூடி மாறினால் ஆளே மாறிப்போகும்.

அடுத்து, என்ன சோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். மைக்ரோஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட, ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமி இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பவர் ‘நெகட்டிவ்’ சீட்டோடு வீட்டுக்குப் போய், வீட்டாருக்கும் பரப்பலாம். சிபிநாட் இயந்திரத்துக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே போதும். இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும். ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதும் தெரிந்துவிடும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் இயந்திரம் பேட்டரியில் ஓடக்கூடியது, சிற்றூர்களுக்கு ஏற்றது. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் வழக்கமான சிபிநாட், ட்ரூநாட் சோதனைகளில் ஐசோனியசிட் என்ற மருந்து கேட்குமா என்பது தெரியாது. அதற்கு எல்.பி.ஏ. என்ற சோதனையோ, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரோ வேண்டும். கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். அதுவரை டாக்டர் தொடங்கிய மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மைக்ரோஸ்கோப்பில் கிருமி தெரிந்து, சிபிநாட்டில் ‘இல்லை’ என்று வந்தால் அதைக் குழப்பம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான வேறு கிருமிகள் உண்டு. அவை பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. ஆனால் மருந்து வேறு. டி.பி. மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் தேறாதவர்களில் சிலருக்கு இதுதான் சிக்கல். எந்தக் கிருமி என்று கல்ச்சரில் பார்த்துச் சொல்லும்படி டாக்டரிடம் கேட்கலாம்.

இரத்தத்தை எடுத்து டி.பி. இருக்கிறதா என்று சொல்லும் ஆன்டிபாடி சோதனையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். தவறான முடிவு தருவதால் 2012-இல் மத்திய அரசு அதன் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை எல்லாவற்றையும் தடை செய்தது. இக்ரா என்னும் இரத்தச் சோதனை வேறு. கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கிறதா என்பதை அது காட்டுமே தவிர, நோய் வந்துவிட்டது என்று சொல்லாது. இன்னொன்று: சிகிச்சை முடிந்தபின் சிபிநாட் எடுத்துப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. செத்த கிருமியின் மிச்சத்தையும் அந்த இயந்திரம் காட்டும். குணமாகிவிட்டதா என்று பார்க்க மைக்ரோஸ்கோப்பும் கல்ச்சரும்தான் சரி.

இந்தச் சளிச் சோதனைகளுக்கும் மருந்துக்கும் அரசுத் திட்டத்தில் பைசா செலவில்லை. தனியார் டாக்டர் அனுப்பி வருகிறவருக்கும் அப்படியே. டி.பி. என்று தெரிந்தால் தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். அப்படிப் பதிவானால்தான் சத்துணவுக்கான பணம் வங்கிக் கணக்குக்கு வரும். 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். பதிவு செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். நோயாளியின் விவரத்தை வெளியில் சொல்ல ஆய்வகத்துக்கோ ஊழியருக்கோ உரிமை இல்லை.

தறிக்கூடத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நீண்டகால நோய்ப் பட்டியலில் டி.பி. உண்டு. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்து, சந்தாவும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். மருத்துவக் குழு சொன்னால் இரண்டு ஆண்டு வரைகூட நீளும். நம் ஊரில் பிடித்தமே இல்லாமல் நாள்கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்களை நினைத்தால் மனசு வலிக்கிறது. ஓய்வெடுத்தால் அன்றைய அடுப்பு எரியாது என்றே அவர்கள் சோதனைக்குப் போவதில்லை.

சளி வாங்க மறுத்தாலோ, காசு கேட்டாலோ, முடிவைத் தராமல் இழுத்தடித்தாலோ 104 சுகாதார உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். டி.பி.க்கென்றே 1800-11-6666 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. தென்காசி கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம். போகும்போது சளி கொடுத்த தேதியும் சீட்டின் நகலும் கையில் இருக்கட்டும்.