கேபிள் தொலைக்காட்சிச் சேவைக் குறைபாடுகள் (சென்னைப் புறநகர்)

கேபிள் தொலைக்காட்சிச் சேவைக் குறைபாடுகள் என்பன, வீடுகளுக்குக் கம்பிவடம் மூலம் தொலைக்காட்சி அலைவரிசைகளை வழங்கும் சேவையில் ஏற்படும் ஒளிபரப்புத் தடை, கட்டணப் பிணக்கு, முறையீட்டுக்கு மறுமொழி கிடைக்காமை முதலியவற்றைக் குறிக்கும். இக்கட்டுரை சென்னையையும், செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள கேளம்பாக்கம் போன்ற தென்புறநகர்ப் பகுதிகளையும் முன்வைத்து இக்குறைபாடுகளின் காரணங்களையும், வாடிக்கையாளருக்குச் சட்டம் தரும் தீர்வுகளையும் விளக்குகிறது.

சேவை இயங்கும் முறை

ஒரு நிகழ்ச்சி பார்வையாளரை அடைவதற்கு முன் மூன்று கைகள் மாறுகிறது. முதலாவது, அலைவரிசையை நடத்தும் ஒளிபரப்பு நிறுவனம். இரண்டாவது, பல அலைவரிசைகளைச் செயற்கைக்கோள் வழியாகப் பெற்றுத் தொகுத்து அனுப்பும் எம்.எஸ்.ஓ. எனப்படும் நிறுவனம். மூன்றாவது, தெருவில் கம்பி இழுத்து வீட்டுக்கு இணைப்புக் கொடுத்துப் பணம் வசூலிக்கும் உள்ளூர் கேபிள் இயக்குநர். மக்கள் வழக்கில் இவர் "கேபிள்காரர்" எனப்படுகிறார்.

வாடிக்கையாளருக்கு நேரில் தெரிந்தவர் கேபிள்காரர் மட்டுமே. ஆனால் அலைவரிசைகளைத் தொகுப்பதும், செட்டாப் பாக்ஸைத் தொலைவிலிருந்து இயக்குவதும் நிறுத்துவதும் எம்.எஸ்.ஓ.வின் கையில் உள்ளன. ஆகவே முறையிடுபவரைக் கேபிள்காரர் நிறுவனத்திடமும், நிறுவனம் கேபிள்காரரிடமும் அனுப்புவது எளிதாகிறது. பெரும்பாலான மனக்குறைகளுக்கு இந்த அமைப்பே வேர் எனலாம்.

பொதுவான குறைபாடுகள்

ஒளிபரப்புத் தடை: கம்பிவடத்தில் செல்லும் சமிக்ஞை தொலைவு கூடக் கூட வலுவிழக்கும். அதனால் வழியில் ஆங்காங்கே பெருக்கிகள் பொருத்தப்படுகின்றன. இவை மின்சாரத்தால் இயங்குவன. எனவே தன் வீட்டில் மின்சாரம் இருந்தும், பெருக்கி உள்ள தெருவில் மின்வெட்டு ஏற்பட்டால் படம் வராது. மேலும் கம்பிகள் மின்கம்பங்களிலும் மரங்களிலும் தொங்குவதால் புயலில் எளிதில் அறுந்து விழுகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் பெருமளவில் சாய்ந்தன. மின்சாரத்துடன் கேபிள் சேவையும் பல இடங்களில் நாட்கணக்கில் தடைப்பட்டது.

கட்டணப் பிணக்கு: முன்பணம் செலுத்தும் முறையில், வாடிக்கையாளர் தரும் பணத்தைக் கேபிள்காரர் நிறுவனக் கணக்கில் வரவு வைத்தால்தான் இணைப்புப் புதுப்பிக்கப்படும். இதில் தாமதம் நேர்ந்தால், பணம் கட்டியவரின் பெட்டியும் நின்றுவிடும். இரசீது பெறாதவர் தாம் கட்டியதை மெய்ப்பிக்க இயலாது.

மாற்று வழியின்மை: ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் பொதுவாக மற்றொரு நிறுவனத்தின் சேவைக்குப் பயன்படாது. பெட்டிகளை எந்தச் சேவைக்கும் பயன்படுமாறு அமைக்க வேண்டும் என டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் பரிந்துரைத்தது. டி.டி.எச். சேவைக்கு மாறுவோர் கேபிள்காரரைச் சார்ந்திருக்கத் தேவையில்லை. எனினும் அதன் உயர் அதிர்வெண் அலைகளை மழைத்துளிகள் உட்கவர்வதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படம் மறைவது உண்டு.

வரலாறு

இத்துறையை ஒழுங்குபடுத்த 1995-இல் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் (ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது. அதன் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கட்டண அலைவரிசைகளைச் செட்டாப் பாக்ஸ் வழியாக மட்டுமே பார்க்க இயலும் "காஸ்" முறை வகுக்கப்பட்டது. பார்க்கும் அலைவரிசைக்கு மட்டும் பணம் கொடுப்பது இதன் நோக்கம். மற்றப் பெருநகரங்களில் இது தள்ளிப்போக, சென்னையில் 2003 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இலவச அலைவரிசைகளுக்கு மாதம் 72 ரூபாய் உச்சக் கட்டணமாக விதிக்கப்பட்டது. எனினும் பெட்டியின் விலை சில ஆயிரம் ரூபாயாக இருந்ததால் பலர் அதை வாங்காமல் இலவச அலைவரிசைகளோடு நிறுத்திக்கொண்டனர்.

2007-இல் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் தொடங்கப்பட்டது. சில காலம் முடங்கியிருந்த இது 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் கட்டணத்தில் புத்துயிர் பெற்றது. 2017-இல் எண்ணிம முறைக்கான உரிமம் கிடைத்தபின் வாடிக்கையாளருக்குப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. 2022 நவம்பரில் பெட்டிகளுக்கான மென்பொருளை வழங்கிய தனியார் நிறுவனத்துடன் ஏற்பட்ட பிணக்கால் மாநிலத்தின் பல பகுதிகளில் அரசு கேபிள் ஒளிபரப்பு தடைப்பட்டது. தெருக் கம்பியில் பழுது இல்லாதபோதும் வாடிக்கையாளரின் சினத்தை எதிர்கொண்டவர்கள் கேபிள்காரர்களே. சேவைச் சங்கிலியின் சிக்கலுக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

ஒழுங்குமுறை விதிகள்

2004 முதல் கேபிள் துறை டிராயின் கீழ் வந்தது. அவ்வாணையம் 2012-இல் வெளியிட்ட சேவைத்தர விதிகள், சமிக்ஞையே இல்லை என்னும் முறையீடுகளில் குறைந்தது 90 விழுக்காட்டை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும், கட்டணம் பற்றியவற்றை 7 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் கூறின. இவ்விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய விதிகள் வந்தன. முறையீடு ஒவ்வொன்றுக்கும் பதிவெண் தருவது நிறுவனத்தின் கடமையாகும். 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறையில் ஒவ்வொரு கட்டண அலைவரிசைக்கும் தனி விலை அறிவிக்கப்பட்டது.

முறையீடு செய்யும் வழி

முதலில் கேபிள்காரரிடம் தெரிவித்தபின், எம்.எஸ்.ஓ.வின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் முறையிட்டுப் பதிவெண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் அந்நிறுவனத்தின் பொறுப்பு அலுவலருக்கு எழுதலாம். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இறுதி வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஆகும். 2020-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, முறையீட்டாளர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். எனவே கேளம்பாக்கத்தில் வசிப்பவர், நிறுவனத்தின் அலுவலகம் வேறெங்கு இருப்பினும், செங்கல்பட்டிலுள்ள ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது முறையீட்டுக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். இரசீதும் பதிவெண்ணும் இங்கு முதன்மைச் சான்றுகளாகின்றன.

மாதக் கட்டணம் சிறுதொகை என்பதால் வழக்குத் தொடர்வோர் குறைவு. ஆயினும் தேதி, நேரம், பதிவெண் ஆகியவற்றை எழுதி வைத்திருப்பவரின் முறையீட்டை எவரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

இவற்றையும் பார்க்க

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம்
நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019
கேளம்பாக்கம்